மாரி வந்தால் வளவு: கல்முனைக் கரையின் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு

எங்கட ஊர்களைப் பற்றி வந்த புத்தகங்களை எடுத்து அடுக்கினால் ஒரு தட்டு நிறையும். பள்ளிவாசல் வரலாறு இருக்கிறது, பாடசாலை நூற்றாண்டு மலர் இருக்கிறது, குடி வரலாறு, மருதமுனை நெசவு, போடிமாரின் வயல், தேர்தல், எம்.பி.மார். வீட்டு வளவுக்குள் நடந்த தோட்டத்தைப் பற்றி ஓர் அத்தியாயமாவது கிடைக்குமா என்று இந்த மாரியில் நாங்கள் தேடிப் பார்த்தோம். கைக்கு எட்டியவற்றில் ஒன்றும் இல்லை.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. வயலுக்கு உறுதி இருக்கிறது, தண்ணீருக்குக் கூட்டம் இருக்கிறது, வட்டவிதானை இருக்கிறார், விளைச்சலுக்குக் கணக்கு இருக்கிறது. வேலியோரத்தில் நின்ற பத்துக் கத்தரிக்கும் ஒரு புடோல் பந்தலுக்கும் யார் கணக்கு எழுதினார்கள்? எழுதாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயல் ஆண்களுடையது, வளவு பெண்களுடையது. வரலாறு எழுதினவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை இரண்டு சாமான்களை வைத்துக் கட்டியது. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த வருடங்கள். மற்றது, பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கட உம்மம்மாமாரும் அவர்களின் வயதொத்த பெண்களும் குசினி வாசலில் இருந்து சொன்னவை. பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

முதலில் மண். கல்முனைக் கரை ஒரு நாடா மாதிரி. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை, நடுவில் வடக்கு தெற்காகப் பிரதான வீதி. வீதியின் இரண்டு பக்கமும் ஊர், ஊருக்குக் கீழே மணல். மணலில் தண்ணீரும் நிற்காது, பசளையும் நிற்காது. ஊற்றினால் ஊற்றினபடி கீழே போய்விடும். ஆனால் அதிக ஆழம் போகாது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. எங்கட கிணறுகளில் நாங்கள் குடித்ததெல்லாம் அந்த மெல்லிய நன்னீர்த் தட்டைத்தான். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது, காலம். தெற்கிலும் மேற்கிலும் வைகாசி ஆனியில் மழை. எங்களுக்கு அப்போது கச்சான் காற்று. (நிலக்கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு குழம்பாமல் வாழுகிற சனம் நாங்கள்.) மேற்கிலிருந்து அனல் மாதிரி வீசி, மணலைச் சுட்டு, கிணற்றைக் கீழே இறக்கிவிடும். எங்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, தை மாசியில் ஓயும். வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்துக்குள் விழுந்துவிடும். எங்கட குளிர்காலம் என்றால் இதுதான்: வாடைக்காற்றும், ஈரச் சேலையும், காயாத விறகும்.

வெளியூர்க்காரர் நினைக்கிறமாதிரி மழை வந்தவுடனே நடுகிற தோட்டம் இல்லை இது. மார்கழியில் வளவுக்குள் தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்கு வந்துவிடும். அந்த நேரம் நட்டால் வேர் அழுகும். ஐப்பசியில் சிரட்டையிலும் உடைந்த சட்டியிலும் நாற்றுப் போட்டு, குசினித் தாழ்வாரத்துக்கு அடியில் வைத்து, அடைமழை முழுக்கக் காப்பாற்ற வேண்டும். வளவுக்குள் கிடங்கு வெட்டி மாட்டெருவும் பூவரசங் குழையும் வைக்கோலும் அடுப்புச் சாம்பலும் போட்டு மூடி, மழையில் அதை ஊறவிட வேண்டும். மழை கொஞ்சம் கண் திறக்கிற நேரம் பார்த்து, மேடு கட்டி, நாற்றை இறக்க வேண்டும். தண்ணீர் வற்றத் தொடங்கினால் பக்கத்தில் கையால் மணலைத் தோண்டிப் பூவல் எடுத்தால் போதும். ஒரு முழத்தில் தண்ணீர் ஊறும். கப்பியும் வேண்டாம், துலாவும் வேண்டாம். மாசி பங்குனியில் கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், கெக்கரி என்று வளவு காய்த்துக் கிடக்கும். சித்திரை முடிய எல்லாம் முடிஞ்சு. முருங்கையும் வாழையும் மரவள்ளியும் மட்டும் கச்சான் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்.

"மாரியிலதான் மனிசிக்கு வேல. கோடையில தோட்டம் தன்ட பாட்டுல கெடக்கும்" என்றார் கல்முனைக்குடியில் ஒருவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

வளவு பெண்களுடையது என்று மேலே சொன்னதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கட கரையில் குடி தாய்வழியாக வருகிறது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இந்த அமைப்பை அக்கரைப்பற்றில் இருந்து வருடக்கணக்காக ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இது ஒன்றாகவே இருப்பதையும் அவர் காட்டினார். தோட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு: உம்மா நட்ட முருங்கை மகளின் முருங்கை. மாமியாரின் வளவில் போய்ப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலையில் மிளகாய் பிடிக்கும் என்று பிறந்ததிலிருந்து தெரியும். அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்ட சோளன் கதிரும், சாம்பலில் பிரட்டி வைத்த கத்தரி விதையும் அந்த வீட்டிலேயே தலைமுறையாகக் கிடந்தன.

இன்னொன்று. புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே போக முடியாது. உயர்ந்த கிடுகு வேலிக்குள் இருந்த அந்த வளவுதான் அப்போது அவளுக்கு வெயிலும் காற்றும். இத்தா இருந்த மாரியில் நட்ட பாகல் அந்த வருடம் போல் எந்த வருடமும் காய்க்கவில்லை என்று ஒருவர் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேசவில்லை.

வரலாற்றுக்கு வருவோம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. மேற்கே குடியேற்றங்கள் வந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இதன் அரசியலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நாங்களும் எழுதியிருக்கிறோம். வளவுக்கு இதில் என்ன பங்கு என்றால், ஊர் விரிய வேண்டிய மேற்குத் திசை அன்றைக்கே மூடிவிட்டது. அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. வளவுகள் பெரிதாக இருந்தன.

1957 டிசம்பரில் வெள்ளம் வந்தது. அணை கட்டியபிறகு இப்படி ஒன்று வராது என்று நம்பியிருந்த சனத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. வயல் போனது, மாடு போனது, களிமண் வீடுகள் கரைந்து விழுந்தன. சின்னப் பிள்ளையாக அதைக் கண்ட ஒரு மூத்தம்மா எங்களிடம் சொன்னது வேறு கதை. தண்ணீர் வடிந்தபோது வளவு மணலுக்கு மேல் வட்டையின் வண்டல் ஒரு படை படிந்து கிடந்ததாம். அடுத்த மாரியில் பூசணிக் கொடி கூரை ஏறியதாம். "அல்லாஹ் ஒரு கையால எடுத்து மறு கையால தந்தான்" என்றார். வெள்ளத்தைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இந்தப் பூசணி இருக்காது.

அதற்குப் பிறகு ஊரார் ஞாபகத்தில் நிற்பது 'சிறிமா காலம்'. 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. செத்தல் மிளகாய், வெங்காயம், பருப்பு எல்லாம் அரிதாயின. பாணுக்கு வரிசை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்து, நெல்லை இடம்விட்டு இடம் கொண்டுபோவதற்கும் தடை. யாழ்ப்பாணத்து மிளகாய் வெங்காயச் செய்கையாளர் அந்தக் காலத்தில் நிமிர்ந்தார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது சரி. எங்கட கரையில் யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் வளவில் மிளகாய் நின்றது, மரவள்ளி நின்றது, வற்றாளை நின்றது. மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் என்றால் இன்றைக்கும் சில பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவு தின்றிருக்கிறார்கள். 77இல் ஜே. ஆர். சந்தையைத் திறந்துவிட்டதும் வளவு மிளகாய்க்கு மவுசு குறைந்தது. அடுத்த வருடம் அந்தக் கவலையும் இல்லாமல் போயிற்று.

1978 நவம்பர் 23. சூறாவளி மட்டக்களப்புப் பக்கமாகக் கரையேறியது. கல்முனைக் கரையும் தப்பவில்லை. நாட்டில் 900க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்பது அன்றைய கணக்கு.

தென்னை போனது என்றால் தேங்காய் போனது என்று மட்டும் விளங்கிக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்து வளவு முழுக்க முழுக்கத் தென்னையால் நின்றது. கூரை கிடுகு, வேலி கிடுகு, நாற்றுக்கு நிழல் தென்னோலை, நாற்று முளைக்கிறது சிரட்டையில், பசளைக் கிடங்குக்குள் ஈரத்தைப் பிடித்து வைப்பது பொச்சு, புடோல் பந்தலுக்குக் கட்டுகிற கயிறும் அதே பொச்சுதான். ஒரே இரவில் இவ்வளவும் தரையில் கிடந்தது. மழை விட்டுப் பார்த்தால் ஊர் வெளிச்சமாக இருந்ததாம். இதைப் பலரும் ஒரே சொல்லில் சொன்னார்கள்: வெளிச்சம். அதுவரை நிழலுக்குள் கிடந்த வளவு வெட்டவெளியாகிவிட்டது. அடுத்த வீட்டுக் குசினி தெரிந்தது. வேலி கட்டக் கிடுகு இல்லை. பெண்கள் வளவுக்குள் இறங்கக் கூச்சப்பட்டார்கள். சேலையையும் சாக்கையும் கட்டி மறைத்து வேலை செய்தார்கள்.

நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். 1979இல் வைத்த பிள்ளை 85, 86இல்தான் குலை தள்ளும். இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டுக் காசு வந்தது, சீமெந்து வந்தது. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பியது. ஓடு வந்தது, அஸ்பெஸ்டஸ் வந்தது. கிடுகு வேலி உக்கிப் போனால் பசளை. மதில் அப்படி இல்லை. ஆனாலும் தோட்டம் வந்தது. 1979 மாரியிலேயே கத்தரி நின்றது, நிழல் இல்லாததால் மிளகாய் முன்னையைவிட நன்றாகக் காய்த்தது என்றுகூடச் சொன்னார்கள்.

85இலும் 90இலும் நடந்தவற்றை நாங்கள் இங்கே விரிக்கவில்லை. தனியாக எழுத வேண்டியவை. தோட்டத்துக்குத் தொடர்பான இரண்டை மட்டும் சொல்கிறோம். வயலுக்குப் போகப் பயந்த வருடங்களில் வளவுதான் கறிக்கு ஆதாரம். அதே பயம் சனத்தைத் தன் தன் ஊருக்குள் நெருக்கியது. எல்லையில் இருந்த காணியை விட்டு, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். துண்டு என்கிற சொல் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது என்று நினைக்கிறோம். அதற்கு முன்னர் வளவு என்றுதான் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26. எங்களில் சிலர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. எங்களுக்குச் சுனாமி ஒரு நினைவல்ல, வீட்டில் திடீரென்று பேச்சு நின்றுபோகிற ஓர் இடம். இலங்கையில் இறந்த 30,000க்கும் மேற்பட்டவர்களில் 10,000க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தவர்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தரியையும் வெண்டியையும் பேசுவது சரியா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. தன் பிள்ளையை இழந்த ஒருவர்தான் அதைத் தீர்த்துவைத்தார். முகாமிலிருந்து திரும்பி வந்து வீடு இருந்த இடத்தில் முதலில் செய்த காரியம் என்ன என்று கேட்டோம். "பூசணி விதை ஊண்டின" என்றார். வேறு என்ன செய்கிறதென்று தெரியவில்லையாம்.

அது முளைக்கவில்லை. மண் உப்பு. வாழை கருகியது, மா காய்ந்தது, ஈரப்பலா இலையைக் கொட்டி நின்று செத்தது. தென்னைக்கு உப்புத் தாங்கும், அது மட்டும் நின்றது. 78இல் எல்லாம் விழ முதலில் விழுந்தது தென்னை. 2004இல் எல்லாம் செத்தபிறகும் நின்றதும் தென்னைதான். அன்று காற்று, இன்று உப்பு.

கிணறுகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் நிறைந்த கிணறுகளை உதவிக்கு வந்தவர்கள் மோட்டர் வைத்து இறைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஒருதரம் இறைத்துப் பார்த்து, இன்னும் உப்பு என்று திரும்பவும் இறைத்தார்கள். மேலே சொன்ன நன்னீர்த் தட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். மேலே இருக்கிற மெல்லிய நல்ல தண்ணீரை உறிஞ்சி எடுக்க எடுக்க, அடியிலிருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்துக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். இறைப்பைவிட மழைதான் உப்பைக் கழுவியது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. எங்கட உம்மம்மாமார் இதைப் படித்திருக்கவில்லை. ஆனால் "ஒரு மாரி போகட்டும்" என்றுதான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். 2005இன் மாரி போனது. அதற்கடுத்த மாரியும் போனது. கிணற்றில் முகம் கழுவலாம் என்றாகி, பிறகு சோறாக்கலாம் என்றானது. தோட்டம் அதற்கும் முன்னரே திரும்பியிருந்தது. உப்பைத் தாங்குகிற கீரையிலிருந்து தொடங்கியது என்று சொன்னார்கள்.

இதுவரை வாசித்தால் ஒரு கதை கிடைக்கும். வெள்ளம் வந்தது, தோட்டம் திரும்பியது. காற்று வந்தது, திரும்பியது. கடல் வந்தது, திரும்பியது. எங்கட கூட்டங்களில் இதை 'மீள்தன்மை' என்று சொல்லி ஒரு பவர்பொயின்ட் போடுவார்கள். நாங்களும் அந்தக் கட்டுரையை எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுத முடியவில்லை. ஏனென்றால் இன்றைக்குக் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரை வீதியால் நடந்து பாருங்கள். தோட்டம் இல்லை. எந்தக் கடலும் வராத வருடங்களில் அது போய்விட்டது.

கணக்காகப் பார்ப்போம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வளவு அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச்சஸ். அந்த மூத்தம்மாவுக்கு நாலு பெண் பிள்ளைகள். ஆளுக்கு 20 பேர்ச்சஸ். இருபதில் வீடும் கிணறும் கழித்தாலும் கத்தரிக்கும் பந்தலுக்கும் இடம் இருந்தது. அடுத்த தலைமுறையில் ஒரு மகளுக்கு மூன்று பெண்கள். ஆளுக்கு 6 சொச்சம். அதற்குள் ஒரு வீடு, ஒரு மலசலகூடக் குழி, ஒரு குழாய்க்கிணறு, மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு போர்ட்டிக்கோ. மிச்சம் இருக்கிற நாலு அடிக்கு இன்டர்லொக் கல் பதித்திருக்கிறது. மண்ணே இல்லை. குழியும் கிணறும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கேட்கவே வேண்டாம்.

பெண்ணுக்கு வளவைக் கொடுத்த அதே வழக்கம்தான் வளவை இல்லாமலும் ஆக்கியது. இதை எழுதும்போது எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்த வழக்கத்தால் எங்கட கரையில் பெண் ஒருத்தியை நடுச்சாமத்தில் வீட்டைவிட்டு வெளியே போ என்று யாரும் சொல்லிவிட முடியாது, அது அவளுடைய வீடு. அதை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் உம்மாவின் வீட்டில் ஓர் அறை என்றிருந்தது, தனி வீடு என்றாகி, தனி வீடு மாடி வீடு என்றாகிவிட்டது. அதைக் கேட்பது யார்? மாப்பிள்ளை வீடு. அதாவது நாங்கள், எங்கட நானாமார், எங்கட வாப்பாமார். சீதனத்துக்கு எதிராகப் பேசும்போது காசைப் பேசுகிறோம், நகையைப் பேசுகிறோம். மண்ணைப் பேசுவதில்லை.

வழக்கத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. இதே மாதிரி மணல், இதே மாரி, வடக்கே கொஞ்சத் தூரத்தில் களுதாவளையில் இருக்கிறது. அங்கே வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் தோட்டம் தோட்டமாகச் செய்கிறார்கள். அங்கேயும் குடி உண்டு, சீதனம் உண்டு. வித்தியாசம் என்னவென்றால் குடியிருக்கிற வளவுக்கு வெளியே தோட்டத்துக்கென்று நிலம் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே வயல், அதைத் தாண்டினால் 1949 முதல் மூடிய கதவு. கிழக்கே சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று ஒரு கோடு. 'மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்ற பெயரிலேயே அந்தக் கோடு இன்றைக்கும் கிடக்கிறது. வடக்கும் தெற்கும் அடுத்தவர் ஊர். நடுவில் இருபது சொச்சம் சதுர கிலோமீற்றர் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இடம் போதாமல் வயலுக்குக் கிரவல் கொட்டி நிரப்புகிறோம். நிரப்பிய இடத்தால் ஓட வேண்டிய தண்ணீர் மாரியில் எங்கட குசினிக்குள்ளேயே வருகிறது.

இந்த நிலைமையில்தான் 2022 வந்தது. முந்தைய வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் வயலில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பிறகு டொலர் இல்லை, டீசல் இல்லை. 2022 ஜூனில் அமைச்சரவை அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று. ஜும்ஆவில் கன்று நடுகிற ஹதீஸ் அந்த நாட்களில் அடிக்கடி கேட்டது. நாங்களும் உற்சாகமாக இறங்கினோம். மண்வெட்டி வாங்கினோம், விதைப் பைக்கற் வாங்கினோம், படம் எடுத்துப் போட்டோம்.

ஜூன் என்றால் எங்களுக்குக் கச்சான் காற்று. மணல் காலைச் சுடுகிற காலம். கொழும்பில் மழை பெய்துகொண்டிருந்த மாதத்தில் எடுத்த முடிவு எங்கட கரைக்கும் அப்படியே வந்தது. மூன்று மாத லீவு முடிந்து கொஞ்ச நாளில் எங்கட மழை தொடங்கியது. எங்கட வெண்டி ஒரு சாண் உயர்ந்து, மஞ்சளாகி, செத்தது. பக்கத்து வீட்டு மூத்தம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்ப ஆரு மனே நடுற?" என்றார். சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

எங்கட வயதில் ஒருவருக்கும் எங்கட கரையின் பயிர்க்காலம் தெரியவில்லை. வளவு போனதோடு அந்த அறிவும் போய்விட்டது. மரக்கறி லொறியில் வருகிறது. 1999இல் தம்புள்ளப் பொருளாதார மத்திய நிலையம் திறந்ததிலிருந்து கத்தரிக்குக் காலம் கிடையாது, எந்த மாதமும் கத்தரி. மார்கழியில் வீதி மூழ்கி லொறி பிந்தினால் மட்டும், கல்முனைச் சந்தையில் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கிறபோது மட்டும், மாரி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருகிறது. 2024 நவம்பரில் அப்படித்தான் நின்றோம். அந்த மாதம் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மதரசா மாணவர்களை இழுத்துப்போனது. அதற்குப் பிறகு விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் ஐப்பசியில் தொடங்கினோம். ஆறு பேர்ச்சஸ் வீட்டில் மண் இல்லை, ஆனால் மேல்தட்டுக் கொங்கிறீட் இருக்கிறது. சீமெந்துச் சாக்கில் மணலும் மாட்டெருவும் உமியும் கலந்து நிரப்பினோம். உம்மம்மா மாடிப்படி ஏற முடியாததால் கீழே கதிரையில் இருந்துகொண்டு கட்டளை போட்டார். கார்த்திகையில் நடப்போனபோது தடுத்தார், தை பிறக்கட்டும் என்றார். சிலர் கேட்காமல் நட்டோம். அது அழுகியது. காத்திருந்தவர்களின் சாக்கில் இப்போது மிளகாய் பூத்து நிற்கிறது.

கத்தரி விதை நிந்தவூரில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. சின்னக் காய், வரி போட்டது, கடைகளில் கிடைக்காது. சாம்பலில் பிரட்டிப் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருந்தார்கள். பதினொரு வீட்டுக்குப் பகிர்ந்தோம், ஏழு வீட்டில் பிடித்தது. இன்னும் ஐந்தாறு வீட்டுக்குக் காணும் அளவு விதை எங்களிடம் இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள். சிரட்டையை மட்டும் நீங்கள் கொண்டு வாங்க.